முற்றத்தைப் பார்க்கக் கற்றுத்தரும் கமரா

இடம்பெயர்ந்தபோது கையில் எதை எடுத்துச் சென்றீர்கள் என்று எமது பெண்களிடம் கேட்டால், அநேகமாக ஒரே விடைதான் கிடைக்கும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, கொஞ்ச நகை, அவற்றோடு ஒரு புகைப்பட அல்பம். அந்த அல்பமும் பலருக்கு மிஞ்சவில்லை. மழையில் ஊறியது, பங்கருக்குள் புதைந்தது, வழியில் பையோடு விடப்பட்டது என ஒவ்வொருவரிடமும் ஒரு கதை உண்டு.

காப்பாற்றப்பட்ட அல்பங்களைப் புரட்டிப் பார்த்தால் ஒரு விடயம் புலப்படும். அவற்றில் சாமத்தியச் சடங்கு இருக்கும், கல்யாணம் இருக்கும், பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் இருக்கும். கிணற்றடி இருக்காது. வேலியில் நின்ற பூவரசு இருக்காது. அடுப்படிக்குப் பின்னால் நின்ற முருங்கையோ, ஆடு கட்டிய பலாவோ இருக்காது. பிரான்ஸ் நாட்டுச் சமூகவியலாளர் பியர் பூர்தியே 1965 இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட நூலொன்றில், சாதாரண குடும்பங்கள் தம்மை ஒரு குடும்பமாகக் காட்டிக்கொள்ளும் விசேட நாட்களையே படமெடுக்கின்றன என்று எடுத்துக்காட்டினார். எமது வீடுகளுக்கும் அது பொருந்தும். ஸ்ரூடியோக்காரரை அழைத்துப் படமெடுத்த அந்த நாட்களில், தினமும் பார்க்கும் முற்றத்துக்கு யாராவது காசு செலவழிப்பார்களா?

ஆனால் போர் எம்மிடமிருந்து பறித்தவற்றுள் அந்தத் தினசரி முற்றமும் ஒன்று. "கல்யாணப் படம் கிடக்குது பிள்ளை. எங்கட வளவின்ர படம் ஒண்டுமில்லை" என்று முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தாய் என்னிடம் சொன்னார். கடந்த சில வருடங்களாக நான் மாதர் குழுக்களுடன் செய்துவரும் ஒரு சிறிய பயிற்சிக்கு அந்த வார்த்தையே காரணம். கைத்தொலைபேசியில் உள்ள கமராவால், தன் சொந்த வளவில், ஒரு நாளைக்கு ஒரு படம் எடுப்பது. அவ்வளவுதான் பயிற்சி. அதிலிருந்து நான் அறிந்துகொண்டவற்றை இங்கே உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

கமராவின் மீதுள்ள அச்சம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எமது பெண்கள் பலருக்குக் கமரா ஒரு விளையாட்டுப் பொருள் அல்ல. முகாம்களில் பதிவுக்காகப் படமெடுத்தார்கள். நிவாரணப் பொதியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிப் படமெடுத்தார்கள். யார், எதற்காக எடுக்கிறார், அந்தப் படம் எங்கே போகும் என்று கேட்கும் உரிமை அப்போது எமக்கு இருக்கவில்லை. இன்னொரு புறம், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின், கணவனின் ஒரேயொரு படத்தைப் பிரதி பண்ணிக் கையில் ஏந்தி நிற்கும் தாய்மாரை நாம் அறிவோம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய போராட்டங்களில் அந்தப் படங்களே பேசின. அந்தத் தாய்மாருக்குப் புகைப்படம் என்பது சாட்சி.

ஆகவே "வாருங்கள், பூவைப் படமெடுப்போம்" என்று நான் சொன்னபோது சிலர் சிரித்தார்கள், சிலர் கோபித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. கமரா இதுவரை எம்மை நோக்கியே திருப்பப்பட்டிருந்தது. இப்போது அதை எமது கையில் எடுத்து, எமக்கு விருப்பமான பக்கம் திருப்புகிறோம் என்று பேசிய பின்னரே பலர் அரை மனதோடு இணங்கினார்கள்.

இப்படிக் கமராவைப் பெண்களின் கையில் கொடுக்கும் முறை புதிதன்று. 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்துக் கிராமப் பெண்களிடம் கமராக்கள் கொடுக்கப்பட்டு, தமது அன்றாட வாழ்வைப் படமெடுக்கும்படி கேட்கப்பட்டது. கரோலைன் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இரு பெண்கள் அந்த முறையை உருவாக்கினார்கள். அந்தப் படங்களை வைத்துப் பெண்கள் தமது கஷ்டங்களை அதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தால் பேசலாம் என்பதே அதன் அடிப்படை.

எமது நாட்டோடு தொடர்புள்ள இன்னொரு பெண்ணையும் சொல்ல வேண்டும். உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரான ஜூலியா மாக்ரட் கமரன் தனது முதலாவது கமராவைப் பெற்றபோது அவருக்கு வயது 48. அது மகளும் மருமகனும் கொடுத்த பரிசு. 1875 இல் இலங்கைக்கு வந்த அவர், இங்குள்ள தொழிலாளர்களையும் கிராமத்தவர்களையும் படமெடுத்தார். 1879 இல் மலையகத்தில் காலமாகி, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் எடுத்த இலங்கைப் படங்களில் உள்ளோர் பலரின் பெயர்கூட எமக்குத் தெரியாது. "எனக்கு இந்த வயதில் எதற்கு?" என்று கேட்கும் அக்காமாருக்கு நான் அந்த 48 வயதைச் சொல்வதுண்டு. பெயரில்லாமல் படத்துக்குள் நின்ற எம்மவர்களின் பேத்திமார் இன்று தாமே கமராவைப் பிடிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

பூவரசம்பூ சொல்லித் தந்தது

முதல் வாரத்தில் வந்த படங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தன. செவ்வரத்தம்பூ, ரோசாப்பூ, பிள்ளைகள், பிறகும் செவ்வரத்தம்பூ. அழகானது என்று ஊர் ஒத்துக்கொண்டதை மட்டுமே நாம் பார்க்கப் பழகியிருக்கிறோம். இரண்டாம் வாரம் ஒரு விதி வைத்தோம். ஒரே ஒரு பொருளைத் தெரிந்து, அதைக் காலை, மாலை, மறுநாள் காலை என மூன்று தரம் எடுக்க வேண்டும்.

ஒருவர் வேலிப் பூவரசைத் தெரிந்தார். காலையில் அவர் எடுத்த பூ மஞ்சள். மாலையாகும்போது அதன் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. மறுநாள் காலை அதே பூ ஊதாச் சிவப்பாகிச் சுருங்கியிருந்தது. மூன்று படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு அவர், "நாப்பது வருசமா இந்த மரத்தில குழை ஒடிச்சு ஆட்டுக்குப் போடுறன். பூ நிறம் மாறுறதை நான் காணேல்லையே" என்றார். குழுவில் இருந்த மற்றவர்களும் காணவில்லை. அன்று மாலை பலர் தத்தம் வேலியைப் போய்ப் பார்த்தார்கள்.

இன்னொருவர் கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல் ஒட்டியிருந்த ஒன்றைப் படமெடுத்தார். பெரிதாக்கிப் பார்த்தபோது அது ஒரு புழு. கறிவேப்பிலையிலும் தேசியிலும் முட்டையிடும் ஒருவகைக் கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு அது. பறவைகள் தின்னாமலிருக்க, சிறு வயதில் எச்சம் போன்ற தோற்றத்துடன் இருக்கும். வளர்ந்ததும் இலைப் பச்சையாகிவிடும். வழமையில் கிள்ளி எறிந்துவிடும் அந்தப் புழுவை அவர் தினமும் படமெடுத்தார். அது கூட்டுப்புழுவாகிச் சில நாட்களில் வெறுங்கூடு மட்டும் கிளையில் தொங்கியது. வண்ணத்துப்பூச்சி வெளியேறியதை அவர் காணவில்லை. கடைசிப் படம் அந்த வெறுங்கூடு. குழுவில் எல்லோருக்கும் பிடித்த படமும் அதுதான்.

பத்துமணிப்பூ வெயில் ஏறினால்தான் விரியும், அந்திமந்தாரை பின்னேரம் விரியும், தூக்கணாங்குருவி கூட்டைப் பின்னும்போது தலைகீழாகத் தொங்கும், புலுனிகள் கூட்டமாகத்தான் வரும். இவை எமது பாட்டிமாருக்குத் தெரிந்தவை. ஓட்டமும் பயமுமாகக் கழிந்த ஆண்டுகளில் நாம் பார்ப்பதை விட்டுவிட்டோம். கமரா அந்தப் பழக்கத்தைத் திருப்பித் தர உதவுகிறது.

பார்வை மனதுக்கு என்ன செய்கிறது?

போர்ச் சூழலில் வாழ்ந்த எமது கண்களும் காதுகளும் ஆபத்தைத் தேடவே பழகியவை. வானத்தைப் பார்த்தால் விமானமா என்று பார்த்தோம். மரத்தைப் பார்த்தால் ஒதுங்க இடமா என்று பார்த்தோம். போர் 2009 மே மாதத்தில் முடிவுற்ற பின்னரும் அந்தப் பழக்கம் உடனே விட்டுப் போகவில்லை. மனம் ஒன்றில் நடந்து முடிந்ததற்குப் போகிறது. அல்லது நாளைய கடன் தவணைக்கு ஓடுகிறது. இன்றைய பொழுதில் அது தங்குவது குறைவு.

ஒரு எறும்பைத் தெளிவாகப் படமெடுக்க வேண்டுமானால் மூச்சை அடக்கி, கையை ஆடாமல் வைத்து, அது திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். அந்த அரை நிமிடம் மனம் அந்த எறும்போடுதான் இருக்கும். உளவளத் துணையாளர்கள் பதற்றம் வரும்போது சுற்றியுள்ள ஐந்து பொருட்களைப் பார்த்துப் பெயர் சொல்லும்படி கூறுவதும் இதே காரணத்துக்காகத்தான். கண்ணை இன்றைக்குக் கொண்டு வந்தால் மனமும் கொஞ்சம் கூட வரும்.

பச்சையைப் பார்ப்பதால் உடம்புக்கும் நன்மை உண்டு என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில வைத்தியசாலையொன்றில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்தவர்களின் பதிவுகளை ரோஜர் உல்ரிக் என்பவர் ஆராய்ந்தார். யன்னலூடாக மரங்களைப் பார்க்கக் கூடிய கட்டில்களில் இருந்தவர்கள், செங்கற் சுவரை மட்டும் பார்த்தவர்களைவிட விரைவாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. இந்த ஆய்வு 1984 இல் வெளிவந்தது.

ஆனால் வெறுமனே அழுத்திக்கொண்டே போனால் பலனில்லை. லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் ஒரு அரும்பொருட்காட்சியகத்தில் நடத்திய ஆய்வு 2014 இல் வெளியானது. பொருட்களைப் படமெடுத்துக்கொண்டு நடந்தவர்கள், கண்ணால் மட்டும் பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அவற்றை நினைவில் வைத்திருந்தார்கள். கமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் விட்டுவிடுகிறது போலும். ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக்கி எடுத்தவர்களுக்கு அந்தக் குறை ஏற்படவில்லை. இதிலிருந்து நாம் எடுக்கக்கூடிய பாடம் எளிது. குறைவாக எடுங்கள், கிட்டப் போய் எடுங்கள், எடுக்குமுன் பாருங்கள். முன்னைய பிலிம் சுருளில் 24 அல்லது 36 படங்கள்தான். ஒன்றை வீணாக்கினாலும் காசு போகும் என்பதால் யோசித்துத்தான் அழுத்தினார்கள். அந்தச் சிக்கனத்தை நாம் கைத்தொலைபேசியிலும் கடைப்பிடிக்கலாம்.

நன்றி சொல்வது என்றால்

இந்தப் பகுதியை எழுதுவதற்கு நான் நிறைய யோசித்தேன். "இருப்பதை நினைத்து நன்றியாக இருங்கள்" என்று இழந்தவர்களிடம் சொல்வது சில வேளைகளில் கொடுமையாகிவிடும். ஒருமுறை ஒரு சகோதரி நேரடியாகவே கேட்டார்: "மிஸ், என்ர பிள்ளையைத் தரச் சொல்லிக் கேக்கிறன். நீங்கள் பூவுக்கு நன்றி சொல்லச் சொல்லுறீங்கள்." அவருடைய கேள்வி சரியானது. அதைப் பூசி மெழுகக் கூடாது.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். முற்றத்துப் பூவுக்கு நன்றி சொல்வது, எமக்கு அநியாயம் செய்தவர்களுக்கு நன்றி சொல்வதாகாது. மறப்பதுமாகாது, கேள்வியைக் கைவிடுவதுமாகாது. நீதிக்கான கேள்வி அதன் வழியில் தொடர வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெண் நாளைக்கும் எழுந்து நிற்க வேண்டுமானால், அவளுடைய கண்ணுக்கும் மனதுக்கும் ஏதாவது தண்ணீர் வேண்டும். நான் சொல்லும் நன்றி அந்தத் தண்ணீர்.

நன்றி சொல்லும் பழக்கம் எமக்குப் புதிதுமல்ல. தைப்பொங்கலன்று சூரியனுக்குப் படைக்கிறோம். மறுநாள் பட்டிப்பொங்கலில் மாட்டுக்கு மாலை போடுகிறோம். புதிர் எடுத்து முதல் அரிசியைப் படைக்கிறோம். முதல் விளைச்சலைத் தேவாலயத்தில் காணிக்கையாக வைப்பவர்களும் எம்மிடையே உள்ளனர். வருடத்துக்கு ஒருநாள் செய்வதைத் தினமும் சிறிதளவில் செய்யலாம் என்பதுதான் என் எண்ணம்.

2003 இல் ரொபேட் எமன்ஸ், மைக்கல் மக்கலோ என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், வாரந்தோறும் தாம் நன்றியுணரும் சில விடயங்களை எழுதி வந்த மாணவர்கள், தொல்லைகளை எழுதி வந்தவர்களைவிடத் தம் வாழ்வைப் பற்றி நல்லதாக உணர்ந்தார்கள் எனக் கண்டறியப்பட்டது. அவர்கள் போரை அனுபவித்தவர்களல்லர். எனவே அந்த முடிவை அப்படியே எம்மீது ஏற்ற முடியாது. ஆயினும் எழுத நேரமில்லாத, எழுத விருப்பமில்லாத எமது பெண்களுக்கு ஒரு படம் அந்த வேலையைச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன்.

மேலே சொன்ன சகோதரி குழுவை விட்டுப் போகவில்லை. இரண்டு மாதம் எதையும் எடுக்காமல் மற்றவர்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் ஒரு படம் கொண்டுவந்தார். ஷெல் பட்டுத் தலையில்லாமல் நின்ற பனையும், அதன் அடியில் முளைத்திருந்த வடலியும். படத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நீங்களும் செய்து பார்க்கலாம்

விலை கூடிய கைத்தொலைபேசி தேவையில்லை. வீட்டில் பிள்ளையிடம் இருப்பதைப் பத்து நிமிடம் வாங்கினாலும் போதும்.

1. முதலில் கமராக் கண்ணாடியை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். படம் மங்கலாவதற்குப் பெரும்பாலும் அதில் படிந்த எண்ணெயும் தூசியும்தான் காரணம்.

2. காலை வெயில் ஏறுமுன் அல்லது பின்னேரம் வெயில் சாய்ந்த பின் எடுங்கள். உச்சி வெயிலில் நிறங்கள் வெளிறிவிடும். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ விழட்டும்.

3. எடுக்குமுன் பத்து மூச்சு விடும் நேரம் அந்தப் பொருளை வெறுங்கண்ணால் பாருங்கள். முன்பு கவனிக்காத ஒன்றைக் கண்டுபிடித்த பின்னரே கமராவை உயர்த்துங்கள்.

4. திரையில் பெரிதாக்காமல் காலடி எடுத்து வைத்துக் கிட்டப் போங்கள். குனியுங்கள், இருங்கள். இரு கைகளாலும் பிடித்து முழங்கையை உடம்போடு அணைத்தால் படம் ஆடாது.

5. ஒரு நாளைக்கு மூன்று படத்துக்கு மேல் வேண்டாம். இரவில் அதில் ஒன்றை வைத்துக்கொண்டு, இதைப் பார்க்கக் கிடைத்ததற்கு நன்றி என்று மனதுக்குள் சொல்லுங்கள். யாருக்கு என்பது உங்கள் நம்பிக்கையைப் பொறுத்தது.

6. மாதம் ஒருமுறை நாலைந்து பேர் கூடி, ஆளுக்கு ஒரு படத்தைக் காட்டுங்கள். எது அழகு என்ற போட்டி வேண்டாம். "இதில் நீ எதைக் கண்டாய்?" என்ற ஒரு கேள்வி போதும்.

கவனிக்க வேண்டியவை

நல்ல படத்துக்காகப் பாதையை விட்டு விலக வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகையோ, சிவப்புக் குறியிட்ட தடியோ, நாடாவோ உள்ள இடத்துக்குள் ஒரு அடியும் வைக்கக் கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடவோ கிட்டப் போய்ப் படமெடுக்கவோ வேண்டாம். கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். இராணுவ முகாம்களின் அருகே கமராவை எடுக்காதிருப்பதே நல்லது.

குருவிக்கூட்டைக் கையால் விலக்கிப் படமெடுக்கக் கூடாது. தாய்க்குருவி கூட்டைக் கைவிடக்கூடும். மற்றவர்களின் முகத்தை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் முகத்தை, அனுமதியின்றி எடுக்கவோ முகநூலில் போடவோ வேண்டாம். எமக்குச் செய்யப்பட்டதை நாம் பிறருக்குச் செய்யலாகாது.

எல்லா இடமும் எல்லோருக்கும் ஆறுதல் தராது என்பதையும் நினைவில் வையுங்கள். நந்திக்கடலில் பறவைகள் இறங்கும் காட்சி வெளியூரவருக்கு அழகாக இருக்கலாம். 2009 இல் அந்த நீரைக் கடந்து வந்த பெண்ணுக்கு அது வேறொன்று. எமது குழுவில் ஒருவர் அந்தப் பக்கம் கமராவைத் திருப்புவதேயில்லை. அவரை யாரும் வற்புறுத்துவதில்லை. தன் கோழிகளையும் கத்தரிப் பூவையும் எடுப்பதே அவருக்குப் போதுமானது. பார்க்காமல் விடுவதும் உங்கள் உரிமை.

இது மருந்துக்கு மாற்றுமல்ல. நித்திரை வராதிருத்தல், திரும்பத் திரும்ப வரும் பயங்கரக் கனவுகள், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஆகியவை தொடர்ந்தால் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். உதவி கேட்பது பலவீனமல்ல.

சகோதரிகளே, எமது பிள்ளைகள் நாளை எம்மிடம் "அம்மா, எங்கட பழைய வளவு எப்பிடி இருந்தது?" என்று கேட்கும்போது காட்டுவதற்கு எம்மிடம் ஒன்றுமில்லை. ஆனால் இப்போது நாம் இருக்கும் வளவைப் பற்றி அவர்கள் கேட்டால் காட்டுவதற்கு இருக்க வேண்டும். இந்தக் கிணறு, இந்த வேலி, மாரி மழைக்குப் பிறகு வெடித்த இந்தப் புல், நீங்கள் நட்ட இந்த முருங்கை. இவற்றை எடுத்து வையுங்கள். முடிந்தால் வருடத்துக்கு ஒன்றிரண்டையாவது காகிதத்தில் பதித்து, உறுதிப் பத்திரத்தோடு பத்திரப்படுத்துங்கள். தொலைபேசி பழுதானாலும் அது இருக்கும்.

உங்கள் படத்தின் கதையை எமக்கும் எழுதுங்கள். பெயர் வேண்டாமென்றால் பெயரில்லாமலே எழுதுங்கள். அந்தப் படத்தை எடுக்குமுன் நீங்கள் என்ன கண்டீர்கள் என்பதை அறியவே நாம் ஆவலாக இருக்கிறோம்.